சாப்பாட்டுக்கு முன் ஒரு சகலை

என் சகலைக்கு நிம்மதி ஒத்துக்கொள்ளாது. சிலருக்குக் கத்தரிக்காய் சாப்பிட்டால் உடம்பெல்லாம் அரிக்குமே, அந்த மாதிரி. நல்ல காற்று வருகிற ஜன்னலோரம் ஒரு சாய்வு நாற்காலி போட்டு உட்கார வைத்தால், கொஞ்ச நேரத்தில் அவர் முகம் சிவக்கும், காது நுனி சூடாகும், விரல்கள் தொடையில் தாளம் போடும். இதெல்லாம் எங்களுக்குப் புரிவதற்குள் குடும்பமே ஒன்று சேர்ந்து அவரை நிம்மதியால் ஒரு வழி பண்ணிவிட்டோம்.

அவர் என் மனைவியின் அக்கா புருஷன். தலையணைத் தொழிற்சாலையில் தரம் பார்க்கிறவர். இதைச் சொன்னால் எல்லோரும், "தலையணைய அமுக்கிப் பாக்கற வேலையா, குடுத்து வச்ச மனுஷன்" என்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் அங்கே போய்ப் பார்த்த பிறகு அந்த எண்ணத்தை விட்டுவிட்டேன்.

வெள்ளை விளக்கின் கீழே ஒரு மேசை. பெல்ட்டில் ஒவ்வொரு தலையணையாக வரும். இரண்டு உள்ளங்கையாலும் நடுவில் அழுத்துவார், விடுவார், அது எழும்புவதைப் பார்த்துக்கொண்டே நிற்பார். பிறகு நான்கு மூலையையும் கிள்ளிப் பார்ப்பார். தையல் நெடுகக் கட்டை விரலை ஓட்டுவார். கடைசியாகக் கண்ணை மூடிக்கொண்டு வலது கன்னத்தை அதன் மேல் வைத்து ஒரு மூச்சு விடுவார். சரியாக இருந்தால் தலையணை நேராகப் போய்விடும். குறை இருந்தால் ஒரு சிவப்பு நாடாவைக் கட்டிக் கூடையில் போடுவார். போடுவதற்கு முன்னால் அந்தத் தலையணையிடமே சொல்வார்: "இடது பக்கம் கட்டி. பேச்சு சுவாரசியத்துல எவனோ பஞ்ச அள்ளித் திணிச்சிருக்கான்." அப்போது அவர் முகத்தில் ஒரு குளிர்ச்சி வரும் பாருங்கள், கைக்குழந்தை பால் குடித்து முடித்ததும் வருமே, அது.

தொழிற்சாலையில் அவருக்கு நொட்டை என்று பெயர். நொட்டை சொல்கிறவர், அதனால் நொட்டை. அது அவர் காதுக்குப் போனதும் கோபப்படவில்லை. "வயசுக்கு மரியாதையா பின்னாடி ஒரு சார் சேத்திருக்கணும்" என்று அதிலும் ஒரு குறை கண்டுபிடித்தார். அன்றிலிருந்து நொட்டை சார்.

நாங்கள் கீழ் வீடு, அவர்கள் மேல் வீடு. சுவருக்குப் பெயிண்ட் அடிப்பது என் தொழில். நன்றாக அடிப்பேன் என்று நான் சொல்வேன். அடித்து முடித்த சுவரைப் பார்க்கிறவர்கள் வேறு மாதிரி சொல்வார்கள். என் கல்யாணத்தன்று சகலை என் கையைப் பிடித்துக் குலுக்கினார். வாழ்த்தப்போகிறார் என்று பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். "ரெண்டாவது பட்டன் மூணாவது ஓட்டைல இருக்கு, சகல" என்றார். உண்மைதான், போட்டோவில் இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. அன்று தொடங்கியது. என் நடை, என் செருப்பு தேய்ந்த விதம், நான் டீ உறிஞ்சும் சத்தம், கதவைச் சாத்தும் முறை, எதையும் அவர் விட்டுவைத்ததில்லை. மாடிப்படியில் அவர் காலடி கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அப்படிப்பட்ட மனிதருக்கு வந்தது வினை. தொழிற்சாலையில் புது இயந்திரம் இறக்கினார்கள். பஞ்சை அதுவே எடைபோட்டு, அதுவே உதறி, அதுவே அடைத்து, அதுவே தைத்துவிடும். அதற்குப் பேச்சு சுவாரசியம் கிடையாது. பெல்ட்டில் வருவதெல்லாம் ஒரே அச்சு. சகலை அழுத்துவார், கிள்ளுவார், கன்னத்தை வைப்பார், குறை இருக்காது. சிவப்பு நாடாக் கட்டு பிரிக்காமலே கிடந்தது. அவருக்குத் தலை கனக்க ஆரம்பித்தது.

வயதானவர்களுக்கு அங்கே வருடா வருடம் உடம்புப் பரிசோதனை உண்டு. அதில் பிரஷர் எக்கச்சக்கம் என்று வந்தது. டாக்டரம்மா நல்ல மாதிரி, சத்தம் போடவில்லை. மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, "இது பாதி வேலைதான் செய்யும். மீதிய நீங்கதான் செய்யணும். வீட்ல ரிலாக்ஸா இருங்க. வெந்நீர்ல கால வைங்க, நல்ல வாசனை, மழைச் சத்தம், மெத்துனு ஒரு போர்வை, எது இதமா இருக்கோ அது" என்றாராம்.

சகலை கேட்டிருக்கிறார்: "எத முதல்ல செய்யணும், டாக்டர்?"

"எத வேணாலும்."

"அப்ப வரிசை கிடையாதா?" என்று கேட்டுவிட்டு அதிலேயே கொஞ்சம் படபடப்பாகிவிட்டாராம். ஒரு மாதம் கழித்து மறுபடி பார்ப்போம், மேல் எண் நூற்று நாற்பதுக்குக் கீழே வரவில்லை என்றால் வேலையிலிருந்து எடுத்துவிடுவதைத் தவிர வழியில்லை, அதுதான் நிர்வாகத்தின் விதி என்று டாக்டரம்மா வருத்தத்தோடு சொல்லி அனுப்பினார்.

என் மனைவியின் அக்கா, நான் அண்ணி என்று கூப்பிடுகிறவர், கீழே வந்து எங்கள் சமையலறையில் நின்றுகொண்டு அழுதார். "வேலை போச்சுன்னா அந்த மனுஷன் என்ன பண்ணுவாரு, தம்பி? வீட்லயே உக்காந்தா ஒரு வருஷம்கூடத் தாங்க மாட்டாரு." அவரிடம் ஒரு சுபாவம், புடவைத் தலைப்பைக் கண்ணில் ஒற்றும்போதே இன்னொரு கையால் எங்கள் அடுப்படியைத் துடைத்துக்கொண்டிருப்பார். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். புருஷன் குறை சொல்ல இடமே வைக்கக் கூடாது என்று வீட்டில் ஒரு ஸ்பூன்கூடக் கோணலாக இருக்க விடமாட்டார். சகலை குறை சொல்ல வாயைத் திறக்கிறார் என்றால் மனம் கொதிக்கிறது என்று அர்த்தம், கொதிக்காமல் பார்த்துக்கொள்வது தன் கடமை என்று நினைத்திருந்தார்.

சகலையையும் அன்று மாடிப்படியில் பார்த்தேன். உள்ளங்கைகளை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "கைக்கு ஒண்ணும் தட்டுப்படல, சகல. இது என் கைதானான்னு சந்தேகமா இருக்கு" என்றார். பிறகு என் சட்டையைப் பார்த்து, "பையோரம் தையல் விட்டிருக்கு" என்றார். அந்த நிலைமையிலும். எனக்குப் பாவமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

நிம்மதி வைத்தியம் தொடங்கியது. அண்ணி ஒரு பிரஷர் பார்க்கிற கருவி வாங்கி வைத்துக்கொண்டார்.

முதலில் வெந்நீர். பிளாஸ்டிக் டப்பில் கல்லுப்பு போட்டு ஊற்றிக் கொடுத்தார். சகலை காலை வைத்ததும், "வலது கால் பக்கம் சூடு கம்மி" என்றார். அண்ணி கலக்கினார். "இப்ப இடது பக்கம்." மறுபடி கலக்கினார். "டப்பே ஒரு பக்கம் சாஞ்சிருக்கு." நான் அடியில் அட்டையை மடித்து வைத்தேன். அப்போது எடுத்துப் பார்த்ததில் எண் கொஞ்சம் இறங்கியிருந்தது. ஆகா, வெந்நீர் கேட்கிறது என்று குஷியாகி, மறுநாளே நான் கடைக்குப் போய் மின்சாரத் தொட்டி ஒன்று வாங்கி வந்தேன். சூடு ஒரே சீராக நிற்கும், குமிழி வரும், அடியில் உருளைகள் பாதத்தைப் பிடித்துவிடும். சகலை அதில் காலை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் சுற்றும் முற்றும் பார்த்தார். சொல்வதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை. எண் ஏறிவிட்டது. வாங்கிய பொருள் வீணாகக் கூடாதே என்று நான் காலை வைத்தேன். குதிகால் வெடிப்பில் வருடக்கணக்காக ஒட்டியிருந்த பிரைமர்கூட இளகியது. கண் விழித்தபோது என் வாயோரம் எச்சில் வழிந்திருந்தது.

"இது உங்களுக்கு வாங்கினதா, அவருக்கு வாங்கினதா?" என்றாள் என் மனைவி.

அடுத்தது மழைச் சத்தம். அண்ணி போனில் மழையை ஓடவிட்டு அவர் தலைமாட்டில் வைத்தார். சகலை கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். திடீரென்று, "இந்த இடி முன்னாடியே வந்துச்சு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அதே குருவி, அதே இடத்துல கத்துது. கொட்டற மழைல எந்தக் குருவி கத்தும்?" முகத்தில் அந்தப் பழைய குளிர்ச்சி எட்டிப் பார்த்தது. அண்ணி பதறிப்போய் அதை நிறுத்திவிட்டு, எதுவும் திரும்ப வராத நீளமான மழை ஒன்றைத் தேடிப் பிடித்தார். சகலை மத்தியானம் முழுக்க அந்த இடி மறுபடி வருகிறதா என்று காது கொடுத்துக் காத்துக் கிடந்தார். வரவில்லை. மழை ஓய்ந்தபோது ஆள் தக்காளி மாதிரி இருந்தார்.

வாசனை மெழுகுவத்தி வாங்கினோம். திரி நடுவில் இல்லை என்றார், நடுவில் இருப்பதாகப் பார்த்து மாற்றி வந்தோம். மெத்தென்று ஒரு போர்வை வாங்கினோம். ஓரத்தில் ஒரு நூல் முடிச்சு இருக்கிறது என்றார், அண்ணி கத்தரிக்கோலால் சுத்தமாக வெட்டி எடுத்தார். அதன் பிறகு அவர் கட்டை விரல் அந்த இடத்தையே தடவித் தடவித் தேடிக்கொண்டிருந்தது. எந்தக் குறையைச் சொன்னாலும் ஓடி ஓடிச் சரிசெய்தோம். சரிசெய்யச் செய்ய அவர் வீங்கிக்கொண்டே போனார். எங்கள் புத்திக்கு அது எட்டவில்லை.

கடைசியாக அண்ணிக்கு ஒரு யோசனை. படுக்கையறைக்குக் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இளம் பச்சை அடித்தால் என்ன என்றார். வீட்டிலேயே பெயிண்டர் இருக்கும்போது வெளி ஆளை எதற்குக் கூப்பிட வேண்டும் என்று என் மனைவி என்னை மாட்டிவிட்டாள். நான் பட்டி பார்த்து, தேய்த்து, பச்சையை அடிக்க ஆரம்பித்தேன். வழக்கமாக எப்படி அடிப்பேனோ அப்படித்தான் அடித்தேன். சகலை கட்டிலில் உட்கார்ந்திருந்தார், கையில் பிரஷர் பட்டை கட்டியபடி. அண்ணி கருவியை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தார்.

"சகல, அந்த மூலைல கோடு இறங்குது."

நான் காதில் வாங்கவில்லை.

"ஸ்விட்ச் போர்டு மேல மூணு சொட்டு. டேப் ஒட்டாம அடிச்சா அப்படித்தான். ஜன்னல் பக்கம் ரோலர் தடம் தெரியுது, பட்டையா. ஏணிய நகத்தச் சோம்பல்பட்டுக் கைய நீட்டி அடிச்சிருக்கீங்க. அந்த இடத்துல பாருங்க, பெயிண்ட்டுக்குள்ள ஒரு பிரஷ் முடி."

"முடி இருந்தா சுவரு விழுந்துடுமா?" என்றேன் ஏணியிலிருந்தே.

"விழாது. பாக்கறவன் கண்ணு அங்கேயே போய் விழும்."

நான் ஏதோ கடுமையாகச் சொல்ல வாயெடுத்தேன். அண்ணி கையைக் காட்டி நிறுத்தினார். அவர் கருவியையே பார்த்துக்கொண்டிருந்தார். எண் அவ்வளவு கீழே இறங்கி இதுவரை நாங்கள் பார்த்ததில்லை.

"தம்பி, கொஞ்சம் வெளிய போங்க."

போனேன். உள்ளே கருவி ர்ரென்று காற்றடிக்கும் சத்தம் கேட்டது.

"இப்ப உள்ள வாங்க."

வந்தேன். சகலை என் முழங்கையைப் பார்த்து, "பெயிண்ட் சுவத்துல கம்மி, கைல ஜாஸ்தி" என்றார். மறுபடி ர்ர். அண்ணி என்னை நாலு தடவை வெளியே அனுப்பி உள்ளே கூப்பிட்டார். நான் வெளியே போனால் எண் ஏறியது, உள்ளே வந்தால் இறங்கியது. சந்தேகத்துக்கே இடமில்லை. மழையும் மெழுகுவத்தியும் செய்யாததை நான் செய்தேன்.

அண்ணி அப்படியே கட்டிலில் சரிந்து உட்கார்ந்துவிட்டார். "இத்தன வருஷமா நான் ஒரு குறையும் வைக்காம பாத்துக்கிட்டேனே, தம்பி. அதுதான் அவர இந்தக் கதிக்கு ஆளாக்கிச்சா?" என்றார். சகலை அவரை ஆறுதலாகப் பார்த்து, "உன்மேல ஒரு குறையும் இல்லம்மா" என்றார். அண்ணி இன்னும் பலமாக அழுதார்.

மறுநாளிலிருந்து அண்ணி தானும் குறை வைக்கக் கற்றுக்கொள்ளப் பார்த்தார், பாவம். சூப்பில் உப்பை அள்ளிப் போட்டார். சகலை ஒரு ஸ்பூன் வாயில் வைத்துவிட்டு, "இது தெரிஞ்சே போட்ட உப்பு" என்று தள்ளி வைத்தார். சட்டைப் பட்டனைப் பிய்த்து வைத்தார். நூலைப் பார்த்ததும், "பிஞ்சது இல்ல, பிச்சது" என்றார். எண் ஒரு புள்ளிகூட அசையவில்லை. வேண்டுமென்றே வைத்த குறை அவர் உடம்பில் ஒட்டாது. தன்னையறியாமல், சுபாவமாக, உள்ளேயிருந்து வருகிற குறைதான் வேண்டும். அப்படிப்பட்ட சரக்கு எங்கள் குடும்பத்தில் என்னிடம்தான் இருந்தது.

அதன் பிறகு என் பிழைப்பைக் கேளுங்கள். காலையில் சாப்பாட்டுக்கு முன் ஒரு வேளை, மாலையில் வேலை முடிந்து வந்ததும் ஒரு வேளை. அண்ணி மேலேயிருந்து குரல் கொடுப்பார், நான் ஏறிப் போக வேண்டும். போர்வையை மடிக்கச் சொல்வார்கள். ஸ்டூல் காலை ஆணி அடித்து நிறுத்தச் சொல்வார்கள். பேப்பரை உரக்கப் படிக்கச் சொல்வார்கள். நான் என் போக்கில் செய்வேன், சகலை நாற்காலியில் சாய்ந்து, கண் சொருக, தாலாட்டு கேட்கிறவர் மாதிரி ஒவ்வொன்றாகக் குறை சொல்லிக்கொண்டே வருவார். அதில் கெடுதலான எண்ணம் துளிகூட இருக்காது. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருக்கும். ஒரு நாள் பொறுக்க முடியாமல் கீழே வந்து, இனிமேல் நான் மேலே போவதாக இல்லை என்று கத்தினேன்.

"உங்களால இந்த உலகத்துல ஒருத்தருக்கு நல்லது நடக்குதுன்னா அது இதுதான். அதையும் கெடுத்துக்காதீங்க" என்றாள் என் மனைவி.

போனேன். சகலை உடம்பு தேறியது. முகத்தில் வீக்கம் வடிந்தது, சாப்பாடு இறங்கியது, தூக்கம் பிடித்தது. அண்ணி எனக்கு இரண்டு டீ கொடுக்க ஆரம்பித்தார், ஒன்று குடிப்பதற்கு, ஒன்று உறிஞ்சிச் சத்தம் போடுவதற்கு.

இந்த இடத்தில்தான் யாரும் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. தினமும் இரண்டு வேளை ஒரு மனிதன் காதில் அவனுடைய குறையை ஓதிக்கொண்டே இருந்தால், அவன் மரக்கட்டையாக இருந்தாலும் கொஞ்சம் திருந்தத்தான் செய்வான். நான் திருந்தத் தொடங்கினேன். முதலில் எனக்கே தெரியவில்லை. ஒரு வீட்டில் சுவர் அடித்துக்கொண்டிருக்கும்போது, ஏணியை நகர்த்தாமல் கையை நீட்டப் போனேன், கை தானாகத் திரும்பி வந்தது. இறங்கி ஏணியை நகர்த்தினேன். ஸ்விட்ச் போர்டுக்கு டேப் ஒட்டினேன். கோடு நூல் பிடித்த மாதிரி போயிற்று. வீட்டுக்காரர் வந்து சுவரைத் தடவிப் பார்த்து, "பிரமாதம், அடுத்த ரூமையும் நீங்களே அடிச்சுடுங்க" என்றார். இத்தனை வருடத் தொழிலில் எனக்கு அடுத்த ரூம் கிடைத்தது அதுதான் முதல் தடவை. அந்தச் சந்தோஷத்தை மாடிக்குக் கொண்டுபோனால், அங்கே சகலை பிரஷர் ஏறி உட்கார்ந்திருந்தார்.

"இன்னைக்கு ஸ்டூல் ஆடலயே, சகல" என்றார் மிரட்சியோடு.

அண்ணியும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். மருந்து வீரியம் இழந்துகொண்டிருந்தது. பரிசோதனைக்கு ஒரு வாரம்கூட இல்லை. கெட்டுப்போக நான் என்னென்னவோ செய்து பார்த்தேன். போர்வையைத் தாறுமாறாக மடித்தேன். "நடிக்காதீங்க, சகல" என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிட்டார். திருந்தினவனுக்குப் பழையபடி கெட்டுப்போவது அவ்வளவு சுலபமில்லை என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

பரிசோதனை நாள் வந்தது. துணைக்கு ஆள் வரலாம் என்றார்கள், நான் போனேன். தொழிற்சாலையின் மருத்துவ அறை மாதிரி ஒரு பாழாய்ப்போன அறையை நான் பார்த்ததே இல்லை. படுக்கை விரிப்பில் ஒரு சுருக்கம் இல்லை. திரைச்சீலை வளையங்கள் ஒரே இடைவெளியில் நின்றன. சுவரை எவனோ என்னைவிட நன்றாக அடித்திருந்தான். நர்ஸ் நகத்தைக்கூட ஒரே அளவாக வெட்டியிருந்தார். சகலை நாற்காலியில் உட்கார்ந்து விட்டத்திலிருந்து தரை வரைக்கும் கண்ணை ஓட்டினார். எங்கேயும் நிற்கவில்லை. காது நுனி சிவந்தது.

நர்ஸ் பட்டையைக் கட்டிக் காற்றடித்தார். நூற்று நாற்பதை ஏணி வைத்தாலும் எட்டாத உயரத்தில் இருந்தது எண்.

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கொஞ்ச நேரம் அமைதியா உக்காருங்க. இன்னொரு தடவை எடுப்போம். அதுவும் இப்படியே இருந்தா நான் எழுதித்தான் ஆகணும்" என்றார்.

அமைதியாக உட்காரச் சொன்னதுதான் கொடுமை. சகலை கடைசி நம்பிக்கையாக என் பக்கம் திரும்பினார். தலை முதல் கால் வரை பார்த்தார். அன்று நான் தலையைப் படிய வாரியிருந்தேன். பட்டன்கள் அதனதன் ஓட்டையில் இருந்தன. சட்டைப் பையின் தையலை நானே போட்டிருந்தேன், நேராக. செருப்பு புதிது. அவர் நல்லபடியாக வெளியே வர வேண்டும் என்ற படபடப்பில், மரியாதையாக இருக்கட்டும் என்று பார்த்துப் பார்த்துச் செய்திருந்தேன். அவர் பார்வை மேலேயிருந்து கீழே இறங்கி, மறுபடி மேலே ஏறி, என் முகத்தில் வந்து நின்றது.

"நல்லா இருக்கீங்க, சகல" என்றார் மெதுவாக. "ஒரு குறையும் இல்ல."

கல்யாணமான நாளிலிருந்து இந்த வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வராதா என்று ஏங்கியிருக்கிறேன். வந்தது. வந்தவுடன்தான் அதன் அர்த்தம் எனக்குப் புரிந்தது. இந்த மனிதர் நாளை முதல் வீட்டில் விரித்த கையோடு உட்கார்ந்திருப்பார். மாடிப்படியில் காலடி கேட்டால் எனக்கு எரிச்சல் வராது, ஏனென்றால் அவரிடம் சொல்ல ஒன்றும் இருக்காது. என்னை இவ்வளவு உன்னிப்பாக, பட்டன் பட்டனாக, வேறு யார் பார்த்திருக்கிறார்கள்? பெற்ற தாய்கூட இப்படிப் பார்த்ததில்லை.

நான் அழுதுவிட்டேன். சும்மா கண்ணீர் விட்டு அழுதிருந்தால் பார்க்க நன்றாக இருந்திருக்கும். எனக்கு அழுது பழக்கமில்லை. மூக்கில் ஆரம்பித்து, விக்கலாக மாறி, நடுவில் ஒரு தும்மல் வந்து, கழுதை கத்துகிற மாதிரி ஒரு சத்தத்தில் போய் நின்றது. அடக்கப் பார்த்தேன், மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது. நர்ஸ் கையில் பட்டையோடு திகைத்து நின்றார்.

சகலை நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"என்ன அழுகை இது?" என்றார். "மூச்ச உள்ள இழுக்கும்போதா அழுவாங்க? விடும்போது அழணும். தோள்பட்டைய எதுக்குத் தூக்கறீங்க? பாருங்க, ஒரு கண்ணுலதான் தண்ணி வருது, இன்னொண்ணு சும்மா இருக்கு. நடுவுல எதுக்குத் தும்மல்? ஒண்ணு அழுங்க, இல்ல தும்முங்க."

"வரல, அண்ணே" என்றேன் விக்கிக்கொண்டே. "இப்படித்தான் வருது."

"அதான் சொல்றேன், ஆரம்பமே கோணல்." ஒரு கையை நர்ஸிடம் கொடுத்துவிட்டு, மறு கையை என் முதுகில் வைத்தார். உள்ளங்கையால் நடுவில் அழுத்தினார், விட்டார், எழும்புகிறதா என்று பார்த்தார். "இங்க கட்டியா இறுகிக் கிடக்கு. இத்தன நாளா அழாம அடைச்சு வச்சிருக்கீங்க. யாரு உங்களுக்கு இப்படிச் சொல்லிக் குடுத்தது?" குரல் இதமாக, சீராக, தணிந்த மழை மாதிரி போய்க்கொண்டே இருந்தது. எனக்கு அந்தக் கையின் சூடு முதுகெலும்பு வரைக்கும் இறங்கியது. மின்சாரத் தொட்டியெல்லாம் அதன் பக்கத்தில் வர முடியாது.

நர்ஸ், "அளவெடுக்கும்போது பேசக் கூடாது, எண் ஏறும்" என்று சொல்ல வந்தவர், பாதியில் நிறுத்திக்கொண்டு டாக்டரம்மாவைக் கூப்பிட்டார். டாக்டரம்மா எட்டிப் பார்த்தார். எண்ணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், இன்னொரு தடவை காற்றடிக்கச் சொன்னார். அதிலும் நூற்று நாற்பதுக்கு நன்றாகவே கீழே இருந்தது.

"பேசினா ஏறும்னுதான் படிச்சிருக்கேன். இறங்கினா வேணாம்னு நான் எப்படிச் சொல்றது?" என்று முணுமுணுத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். பிறகு நர்ஸிடம், "அந்த அழறவர வெளிய கூட்டிட்டுப் போங்க, அடுத்த ஆள் பயப்படறாங்க" என்றார்.

வராந்தாவுக்கு வந்த பிறகும் எனக்கு நிற்கவில்லை. சகலை என் தோளில் கை போட்டு நடத்திக்கொண்டு வந்தார். தலையணைக்காரர்கள் எல்லோரும் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். அவர் முகம் குளிர்ந்து, காது நுனி பழைய நிறத்துக்கு வந்து, பத்து வயது குறைந்தவர் போல இருந்தார். வாசலுக்கு வந்ததும் நின்று, கைக்குட்டையை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"மத்ததெல்லாம் எப்படி வேணா திருத்திக்கோங்க, சகல. சுவரு நல்லா அடிங்க, அடுத்த ரூம் கிடைக்கட்டும்" என்றார். "இந்த அழுகைய மட்டும் சரி பண்ணிடாதீங்க."